மேலிருந்து எண்ணுகிறவள்

அம்சவேணி வீட்டுச் சமையலறை அலமாரியில் ஐந்து தட்டுகள் உண்டு. மேலே இருப்பது முதல் லெவல். தரையை ஒட்டி இருப்பது ஐந்தாம் லெவல். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான மாரிகுப்பத்து லைன் வீடுகளில் அது எழுதி ஒட்ட வேண்டிய விஷயமும் இல்லை. சுரங்கத்தில் முதல் லெவல் என்பது தரைக்குப் பக்கம். எண் கூடக் கூட ஆழம் கூடும். ஆளைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டான கேஜில் நிற்கிறவனுக்கு எண் ஏறினால் உடம்பு இறங்கும். அவள் அப்பா ராஜப்பா அந்தக் கேஜுக்கு மணி அடிக்கிற வேலையில் இருந்தவர். சுரங்கம் மூடி இருபத்துச் சொச்சம் வருஷமாகிவிட்டது, அவரும் போய்விட்டார். எண்ணும் முறை மட்டும் மேலே ஏறி வந்து அலமாரியில் தங்கிவிட்டது.

"அம்சா, சக்கரை எங்க?"

"ரெண்டாம் லெவல்ல. புளி டப்பாவுக்குப் பின்னாடி பாருங்க."

"இல்லியே."

"கண்ணு இன்னா முதுகுலயா கீது? ரெண்டாம் லெவல்."

கணவர் தாமோதரன் கையை மேலிருந்து இரண்டாவது தட்டுக்குக் கொண்டுபோய்ச் சர்க்கரையை எடுப்பார். ஆண்டர்சன்பேட்டையில் மிக்சியும் மின்விசிறியும் பழுது பார்க்கிற கடை அவருடையது. அவர் அப்பாவும் சுரங்கத்தில் இருந்தவர்தான். அதனால் அந்த வீட்டில் இந்த எண்ணிக்கை குறித்து ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை. குழப்பமே வராத பழக்கம் பழக்கமாகவே தெரியாது. உலகம் அப்படித்தான் இருக்கிறது என்று தோன்றும்.

சுரங்கம் மூடியபோது அவளுக்குப் பதினேழு வயது. பி.யு.சி. முடித்து, உள்ளூர்க் கல்லூரியில் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தாள். ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சில வருஷம், கல்யாணத்துக்குப் பிறகு ஒன்றுமில்லாமல் சில வருஷம். பிறகுதான் பெங்களூரு வேலை. அதை வாங்கிக் கொடுத்தவர் ஹரிஷ்குமார். ஆண்டர்சன்பேட்டை கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. படித்துப் பெரிய ஆளாகி, மருந்துகளைச் சோதிக்கும் ஒரு நிறுவனத்தில் ஆய்வுக்கூடத்தின் தலைவராக இருந்தார். நம்ம ஊர்ப் பெண், கை சுத்தம் என்று சொல்லி அவளைச் சேர்த்துக்கொண்டார். அது நடந்து பதினொரு வருஷம். பதினொரு வருஷமும் ஒப்பந்த வேலை.

விடியும் முன்னே மாரிகுப்பத்தில் வண்டி ஏற வேண்டும். வண்டி அங்கிருந்தே புறப்படுவதால் போகும்போது உட்கார இடம் கிடைக்கும். திரும்பும்போது கிடைக்காது. பெங்களூரிலிருந்து பங்காருபேட்டை வரைக்கும் நின்றுகொண்டுதான் வர வேண்டும். பெண்கள் பெட்டியில் ஒருத்தி முதுகு இன்னொருத்தி மூக்கில் இடிக்க, ஜன்னலை மறைத்து நான்கு பேர் நின்றால் காற்று அவர்களோடு சரி. ஒரு நாளில் ஐந்தரை மணி நேரம் வண்டிக்குப் போனது. பதினொரு வருஷத்தில் அது எத்தனை நாள் என்று ஒருமுறை கணக்குப் போடத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

ஆகவே அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. நிறுவனம் மாலூரில் ஒரு சின்னக் கூடம் திறக்கப்போகிறது. வரும் வழியில் இருக்கிற ஊர். அங்கே வேலை என்றால் போக்குவரத்து பாதியாகிவிடும். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டில் இருக்கலாம். ஆனால் நிரந்தர ஊழியர்கள்தான் மாலூரைக் கேட்க முடியும். நிரந்தரக் கடிதம் இந்த வெள்ளிக்கிழமை வரும் என்று ஹரிஷ்குமார் சொல்லியிருந்தார்.

"கடுதாசி கைக்கு வந்துச்சா?" என்று வண்டியில் லதா தினமும் கேட்பாள். அவள் தையல் ஆலையில் சூப்பர்வைசர். பீன்ஸை மடியில் வைத்துக் கிள்ளிக்கொண்டே வருவாள்.

"வெள்ளிக்கிழமைடி."

"மாலூரு போய்ட்டா எங்கள எல்லாம் மறந்துடுவ. நாங்க ஜன்னல்ல டாட்டா காட்டணும், நீ பிளாட்ஃபாரத்துல மகாராணி மாதிரி நடந்து போவ."

"உனக்கு ஒரு சீட்டு காலியாவும்ல?"

"அதுக்குத்தான் வேண்டிக்கினு கீறேன்."

*

அவள் வேலை கல்லீரல் செல்களுக்குச் சாப்பாடு போடுவது. அப்படித்தான் தாமோதரனிடம் சொல்லியிருந்தாள். வெறும் கேலியாகச் சொன்னதில்லை அது. புதிய மருந்து கல்லீரலைக் கெடுக்குமா என்று பார்க்க, மனிதக் கல்லீரலின் செல்களை உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பிளேட்டில் வளர்ப்பார்கள். ஒரு பிளேட்டில் பன்னிரண்டு குழிகள். குழியின் அடியில் செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே மீடியா என்கிற இளஞ்சிவப்பு ஊட்டநீர். இரண்டு நாளுக்கு ஒருமுறை பிப்பெட் குழாயால் பழையதை உறிஞ்சி எடுத்துப் புதியதை ஊற்றி, உடம்புச் சூட்டில் இருக்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கல்லீரல் செல் காற்றுக்குப் பேராசைக்காரி. ஆக்சிஜனோ மேலே இருக்கிறது. ஊட்டநீரைக் கடந்து மெல்ல மெல்ல ஊறித்தான் அடிக்கு வர வேண்டும். நீரை ஆழமாக ஊற்றினால் சாப்பாடு நிறைய இருக்கும், மூச்சு வந்து சேராது. குறைவாக ஊற்றினால் மூச்சு வரும், சாப்பாடு சீக்கிரம் தீர்ந்துவிடும். போடுகிற சோறே மேலே மூடியாகிவிடுகிறது. மனிதர்கள் விஷயத்திலும் இது நடப்பதுண்டு. ஆனால் மனிதர்கள் அதை வெகு நாள் தாங்குவார்கள், செல்கள் தாங்காது.

பவ்யா அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். இருபத்தேழு வயது ஆராய்ச்சிக்காரி, பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள், பேச்சில் பாதி ஆங்கிலம். பிளேட்டின் அடியில் பிளாஸ்டிக்குக்குப் பதிலாக மெல்லிய சிலிக்கோன் படலம். நீர் கசியாது, காற்று நுழையும். செல் கீழிருந்தே மூச்சு வாங்கலாம். மேலே எவ்வளவு ஆழமாகவும் சாப்பாடு போடலாம்.

சோதனைக்கு இரண்டு சாதாரண பிளேட், இரண்டு படல பிளேட். பார்வைக்கு எல்லாம் ஒன்றே. படலத்தில் காற்றுப் பட வேண்டும் என்பதால் நான்குக்கும் ஒரே மாதிரிச் சிறு கால்கள் வைத்து, தட்டுக்கு ஒன்றாக இன்குபேட்டரில் பவ்யாவே வைத்தாள். எது எது என்று தனக்கு மட்டும் தெரியும்படி அடியில் ஒரு குறி இட்டிருந்தாள்; அம்சவேணிக்குச் சொல்லவில்லை.

"ஊத்தறவங்களுக்குத் தெரியக் கூடாது அக்கா. தெரிஞ்சா கை தானா பாரபட்சம் பண்ணும். உங்க கைய சொல்லல, எல்லார் கையும்தான். நானும் உள்ள வர மாட்டேன். நீங்க ஊத்துங்க, கடைசில நீங்களே காலி பண்ணி சாயம் போட்டுக் குடுங்க. உயிரோட இருக்கற செல்ல நான் எண்ணிக்கறேன்."

கையில் ஒரு தாள் கொடுத்தாள். லெவல் ஒன்று, இரண்டு: குழிக்கு நாலு மில்லி. லெவல் மூன்று, நான்கு: குழிக்கு ஒரு மில்லி.

இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று, மொத்தம் மூன்று சுற்று. ஆறு வாரமும் அம்சவேணி அந்தத் தாளிலிருந்து ஒரு சொட்டு விலகவில்லை. மேல் தட்டு இரண்டுக்கும் நாலு மில்லி. கீழ்த் தட்டு இரண்டுக்கும் ஒரு மில்லி.

*

திங்கட்கிழமைக் கூட்டத்தில் பவ்யா முடிவைத் திரையில் காட்டினாள். சாதாரண பிளேட்டில் செல்கள் பெரும்பாலும் செத்திருந்தன. படல பிளேட்டில் மெலிந்து பாதியாகியிருந்தன. மூன்று சுற்றிலும் அதே கதை.

"ஃபிலிம்னால நினைச்ச அளவு பலன் இல்ல சார்," என்றாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவள் படுகிற பாடு பின்வரிசைக்கே தெரிந்தது.

ஹரிஷ்குமார் நல்லவிதமாகத்தான் பேசினார். "விட்டுடலாம்மா. மூணு தடவ பார்த்தாச்சு. இந்த ஈரல்ல மிச்சம் எட்டு குப்பி உறைய வச்சிருக்கோம்ல, அத வியாழக்கிழமை மத்யானம் அடுத்த டீமுக்குக் குடுத்துடு. அவங்க உடனே கரைச்சுடுவாங்க. நீ அடுத்த வாரத்துலருந்து ரிப்போர்ட் செக்ஷனுக்குப் போ."

ஒரே கொடையாளியின் கல்லீரலிலிருந்து எடுத்த செல்கள் அவை. கரைத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. வேறு ஈரலோடு ஒப்பிட முடியாது.

பவ்யா கடைசியாக ஒரு படத்தைப் போட்டாள், சோதனை எப்படி நடந்தது என்று. இன்குபேட்டரின் கோட்டுப்படம். நான்கு தட்டுகள். தட்டுக்குப் பக்கத்தில் எண்கள்: அடியில் ஒன்று, அதற்கு மேல் இரண்டு, மூன்று, உச்சியில் நான்கு. ஒன்றிலும் இரண்டிலும் படலம், மூன்றிலும் நான்கிலும் சாதாரணம் என்று குறிப்பு.

அம்சவேணி அந்தப் படத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு இன்குபேட்டரின் கதவுப் பிடி சரியாக இருப்பதைப் பார்த்தாள். கீழே இருந்தவை படல பிளேட்டுகள். அவற்றுக்கு அவள் ஒரு மில்லி ஊற்றிப் பட்டினி போட்டிருக்கிறாள். மேலே இருந்தவை சாதாரண பிளேட்டுகள். அவற்றை நாலு மில்லியில் மூழ்கடித்து மூச்சடைக்க வைத்திருக்கிறாள். படலம் தோற்கவில்லை. அதற்குப் பரீட்சையே நடக்கவில்லை.

யாருக்கும் தெரியாது. தெரியவும் வழியில்லை. உள்ளே போய் வந்தவள் அவள் ஒருத்திதான்.

*

அன்று சாயங்கால வண்டியில் அவள் கதவோரம் கிடைக்காமல் நடுவில் மாட்டிக்கொண்டாள். ஒரு பக்கம் யாருடைய பையோ விலாவில் குத்தியது. கையைத் தூக்கி முகத்தைத் துடைக்கவும் இடமில்லை. வெள்ளிக்கிழமை கடிதம். வியாழக்கிழமை மத்தியானம் குப்பி. இரண்டும் ஒரு நாள் இடைவெளியில் ஏன் வந்து நிற்க வேண்டும் என்று யோசித்தாள். சொன்னால் கடிதம் போகும். கடிதம் வந்த பிறகு சொன்னால் குப்பிகள் போயிருக்கும். அப்புறம் சொல்வதில் ஒருவருக்கும் பயனில்லை, தன் மனசு கழுவிக்கொள்வதைத் தவிர.

வீட்டுக்கு வந்து அவள் சொன்னதைத் தாமோதரன் கேட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கெழம வாங்கிக்கோ. சனிக்கெழம சொல்லு. யாரு கேக்கப் போறா?"

"வியாழக்கெழம குப்பி போய்டுமே."

"போவட்டும். அந்தப் பொண்ணு படிச்ச பொண்ணு, வேற ஒண்ணு புடிச்சுக்கும். நீ பதினோரு வருசம் நின்னுக்கினு வந்த."

"நின்னது நாந்தாங்க. செத்தது அதுங்க இல்ல?"

"எதுங்க?"

"செல்லுங்க."

அவர் சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். "அது சரி, இன்னா தப்பு பண்ணிட்ட நீ? மேல கீறதுதானே மொத லெவலு?"

"ஆமா."

"அப்புறம்?"

இந்த உலகத்தில் அவள் பக்கம் நிற்கக்கூடிய ஒரே வாதம் அது. அது அந்தச் சமையலறையை விட்டு வெளியே செல்லுபடியாகாது என்பதும் தெரிந்தது.

செவ்வாய் சொல்லவில்லை. புதனும் சொல்லவில்லை. நல்லவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள் என்று நம்புகிறவர்கள், சொல்ல வேண்டிய விஷயம் தங்களுக்கு ஒருமுறையும் வாய்க்காதவர்கள். புதன்கிழமை பவ்யா தன் மேசையிலிருந்த பொருள்களை ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்சவேணியைப் பார்த்து, "அக்கா, உங்க பிப்பெட்டிங் மாதிரி யாரும் பண்ண மாட்டாங்க. மூணு சுற்றும் அச்சு மாதிரி இருக்கு. நம்பர் பார்த்து எனக்கே ஆச்சரியம்," என்றாள். அம்சவேணி கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, குப்பிகள் இருந்த உறைபெட்டியின் மூடியைப் பவ்யா திறக்கப்போகும்போது அம்சவேணி சொன்னாள்.

"மேடம், மூடுங்க. நான் தட்ட மாத்தி எண்ணிட்டேன்."

பவ்யாவுக்குப் புரிய இரண்டு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் சிரித்தாள். சிரிப்பு நின்றதும் முகம் சிவந்தது.

"ஆறு வாரம் அக்கா! ஆறு வாரம்! ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா, எங்கருந்து எண்ணணும்னு?"

"கேக்கணும்னு தோணல. நீங்க சொன்னீங்களா?"

"யாராவது சொல்லுவாங்களா அத? கீழருந்துதானே எண்ணுவாங்க! லிஃப்ட்ல நாலாவது மாடி எங்க இருக்கு?"

"லிஃப்ட்ல மேல. எங்க கேஜுல கீழ."

பவ்யா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு காகிதத்தை எடுத்து நான்கு கட்டம் போட்டாள். அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் மெல்ல வேறொன்றாக மாறுவது தெரிந்தது.

"இருங்க. சாதாரண பிளேட், ஆழம்: மூச்சு முட்டிச் செத்துது. ஃபிலிம் பிளேட், கம்மி மீடியா: பட்டினி. இந்த ரெண்டையும் தனியா பண்ணணும்னு கேட்டிருந்தா சார் விட்டிருக்கவே மாட்டார். இப்ப நம்ம கைல இருக்கு. மிச்ச ரெண்டு கட்டத்த இந்த எட்டு குப்பில பண்ணினா..." நிமிர்ந்தாள். "வேஸ்ட் இல்லக்கா. ஆனா சார்கிட்ட காரணம் சொல்லாம இன்னொரு சுற்று கேக்க முடியாது."

"தெரியும்."

"நான் சொல்லட்டுமா, எண் போட்டதுல என் தப்புன்னு?"

பவ்யா அதை மனசாரத்தான் கேட்டாள். ஆனால் கேட்டுவிட்டுக் கதவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அம்சவேணி கவனித்தாள்.

"வேணாம் மேடம். நானே சொல்றேன்."

*

ஹரிஷ்குமார் படிவத்தை முன்னால் தள்ளினார். தவறு நடந்தால் எழுதிக் கொடுக்க வேண்டிய படிவம். கோபமாக இல்லை; அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஏன்மா, நானும் அந்த ஊர்தானே? ஆண்டர்சன்பேட்டைல பொறந்தவன். எனக்கு இப்படி எண்ணணும்னு ஒரு நாளும் தோணினதில்லையே."

"உங்க கடைல எப்படி சார் எண்ணுவாங்க?"

"கீழ் தட்டு ஒண்ணு. கனமான சாமானெல்லாம் கீழ. மேல போகப் போக ரெண்டு, மூணு."

"எங்க லைன்ல யாரும் மேல போகல சார்."

அவர் பேனாவால் படிவத்தில் ஒரு கட்டத்தைத் தொட்டார். "காரணம்னு இருக்கு பாரு. கவனக்குறைவுன்னு போடு. சின்ன விஷயமா முடிஞ்சுடும்."

பதினொரு வருஷத்தில் அவர் சொன்ன எதையும் அவள் மறுத்ததில்லை. அவர் வாங்கிக் கொடுத்த வேலை. அவர் குடும்பத்துக் கடையில் அவள் அம்மா பருப்பு வாங்கியிருக்கிறாள்.

"கவனமாத்தான் சார் ஊத்தினேன். ஒரு சொட்டு மாறல. மேடத்தையே கேளுங்க."

"அப்ப இன்னாம்மா போடுவ?" ஊர்ப் பேச்சு அவருக்கே தெரியாமல் வந்துவிட்டது.

அவள் ஆங்கிலத்தில் மெதுவாக எழுதினாள்: தட்டுகளை மேலிருந்து எண்ணினேன். எங்கிருந்து எண்ண வேண்டும் என்று தாளில் இல்லை.

அவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடித்துத் திருத்தவில்லை. பெருமைப்படுத்தவும் இல்லை. ஒரு விஷயம் மட்டும் சொன்னார்: படிவம் கோப்பில் இருக்கிற வருஷத்தில் நிரந்தரக் கடிதம் கொடுக்க விதி இல்லை. அடுத்த ஏப்ரலில் பார்க்கலாம். மாலூர் இடங்கள் இந்த மாதமே நிரப்பப்பட்டுவிடும்.

"சரி சார்," என்றாள். கவனக்குறைவு என்று எழுதியிருந்தாலும் இதுதான் ஆகியிருக்குமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும்.

நான்காம் சுற்று இரண்டு வாரம் நடந்தது. இன்குபேட்டர் தட்டுகளில் இப்போது எண்கள் இல்லை; சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று வண்ணத் துண்டுகள். எது எது என்று இந்த முறையும் அவளுக்குச் சொல்லவில்லை. பச்சைக்கு எவ்வளவு, சிவப்புக்கு எவ்வளவு என்று தாளில் இருந்தபடி ஊற்றினாள். முடிந்த அன்று பவ்யா அவளை நுண்ணோக்கிக்கு இழுத்துக்கொண்டு போனாள். படல பிளேட்டின் குழியில் செல்கள் ஒன்றோடொன்று நெருங்கி, தெளிவான விளிம்புகளோடு, தேனடை மாதிரி உட்கார்ந்திருந்தன. மேலே நாலு மில்லி ஆழம். கீழே காற்று.

"அழகா இருக்குல்ல அக்கா?"

"நெருக்கமா கீதே மேடம், பாவம்."

"நெருக்கமா இருந்தாதான் அதுங்களுக்கு நல்லது. மூச்சு மட்டும் வந்தா போதும்."

பவ்யா ரிப்போர்ட் செக்ஷனுக்குப் போகவில்லை. அவளுடைய கட்டுரையில் நான்கு கட்டங்களும் இடம்பெற்றன. முதல் இரண்டு கட்டங்கள் முன்கூட்டியே திட்டமிட்டவை போல எழுதப்பட்டிருந்தன. அம்சவேணியின் பெயர் எங்கேயும் இல்லை. அவள் அதைத் தேடவும் இல்லை என்று சொன்னால் பொய்யாகும். ஒருமுறை தேடினாள்.

வீட்டு அலமாரியில் ஒரு மாற்றம் நடந்தது. டீத்தூளையும் சர்க்கரையையும் நடுத் தட்டுக்கு மாற்றினாள்.

"ஏன், ரெண்டாம் லெவலுக்கு இன்னா ஆச்சு?" என்றார் தாமோதரன்.

"மூணாம் லெவல்ல இருக்கட்டும். அத எங்கருந்து எண்ணினாலும் மூணுதான்."

மாலூருக்கு வேறு ஒருத்தி போனாள். கோலாரிலிருந்து வருகிறவள், சின்ன வயசு. சாயங்கால வண்டியில் அம்சவேணி வழக்கம்போல நின்றுகொண்டு வந்தாள். பையொன்று விலாவில் குத்தியது. லதா இரண்டு முதுகு தள்ளி எங்கோ இருந்தாள். குரல் மட்டும் வந்தது.

"இன்னாடி, உயிரோட கீறியா?"

"கீறேன்."

"மாலூரு வருது. கொஞ்சம் எறங்குவாங்க, மூச்சு வுட்டுக்கோ."

வண்டி மாலூரில் நின்றது. கதவோரத்தில் ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். அவர்கள் நின்ற இடம் காலியாகி, வெளியே இருந்த காற்று முழங்கால் உயரத்தில் உள்ளே வந்து, அவள் கழுத்து வரைக்கும் ஏறியது. பிளாட்ஃபாரத்தில் மஞ்சள் பலகையின் எழுத்துகளைக் கன்னடத்தில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை படித்தாள். அதற்குள் ஏறுகிறவர்கள் ஏறிவிட்டார்கள். ஒருத்தியின் கூடை அவள் வயிற்றில் அழுந்தியது.

"உள்ள போங்கம்மா, உள்ள போங்க," என்றது ஒரு குரல்.

உள்ளே போனாள்.